சதை துடிக்கிறதா? பயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கண் இமை துடித்தால் நம் ஊரில் யாரும் பயப்படுவதில்லை. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது, நல்லது நடக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதே துடிப்பு கெண்டைக்கால் சதையிலோ கட்டைவிரல் அடியிலோ வந்து, நாள் கணக்கில் நிற்காமல் இருந்தால்தான் பயம் பிடித்துக்கொள்கிறது. தூக்கம் கெட்டிருக்கும் நேரத்தில், வேலையிலோ வீட்டிலோ மன அழுத்தம் இருக்கும் நேரத்தில், காபி கூடுதலாகப் போகும் நேரத்தில் இப்படித் துடிப்பது ரொம்ப சாதாரணம். துடிப்பை விட அதைப் பற்றிய பயத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் ஆளை அதிகம் படுத்துகின்றன.

முதல் தவறு, ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுத்துத் தேடுவது. கொஞ்ச நேரத்திலேயே ஏ.எல்.எஸ். என்ற பெயரில் வந்து நிற்பீர்கள். சதையை இயக்கும் நரம்புகள் மெல்லச் செத்து, சதை பலமிழந்துகொண்டே போகும் கொடிய நோய்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 2 பேருக்குத்தான் வருகிறது, பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதிலேயே வந்ததே என்பீர்கள். வந்தது, உண்மை. ஆனால் அவரிடம் முதலில் தெரிந்தவை கால் தடுமாறியதும், படியில் விழுந்ததும், பேச்சு குழறியதும். அந்த நோயில் பொதுவாக முதலில் கண்ணில் படுவது பலவீனம்தான். பலவீனமே இல்லாமல் வெறும் துடிப்பு மட்டும் இருப்பது பெரும்பாலும் வேறு கதை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இப்படித் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள், ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். வரவில்லை.

அடுத்தது, உடம்பைச் சோதித்துக்கொண்டே இருப்பது. இதைத்தான் நிறையப் பேர் தவறு என்றே தெரியாமல் செய்கிறார்கள். டார்ச் அடித்துக் கெண்டைக்காலை வீடியோ எடுப்பது, கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி அது நடுங்குகிறதா என்று பார்ப்பது, குதிகாலில் நடப்பது, நுனிக்காலில் நடப்பது, டேப் வைத்து ரெண்டு கையையும் அளப்பது. நாக்கை நீட்டிப் பிடித்தால் யாருக்கும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை சற்றுப் பெரிதாக இருப்பதும் இயல்புதான். நுனிக்காலில் ஐம்பது தடவை எழும்பிப் பார்த்தால் சதை களைத்துப்போய், அன்று ராத்திரி இன்னும் அதிகமாகத் துடிக்கும், ‘பார், கூடிவிட்டது’ என்று பயம் ஏறும், பயம் ஏறினால் அட்ரினலின் கூடி நரம்புகள் சின்னத் தூண்டலுக்கே கிளம்பிவிடும், மறுபடி துடிக்கும். புண் ஆறிவிட்டதா என்று மணிக்கொரு தரம் கிள்ளிப் பார்த்தால் அது எப்படி ஆறும்?

சரி, டாக்டரிடமே போகக்கூடாதா? கட்டாயம் போக வேண்டும், ஒரு தடவை, ஒழுங்காக. தைராய்டு, கால்சியம், மெக்னீசியம் மாதிரி பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளை அவர் சொல்வார். சுத்தியலால் தட்டி, கை கால் பலத்தைப் பார்ப்பார். எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் நாலாவது டாக்டர், இன்னொரு ஈ.எம்.ஜி. (சதையில் ஊசி வைத்து அதன் மின்துடிப்பைப் பார்க்கும் சோதனை) என்று அலைவதுதான் தவறு. ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைக்கும், ஆனால் சில நாள்தான். அப்புறம் ‘அவர் சரியாகப் பார்க்கவில்லையோ’ என்று மனசு ஆரம்பித்துவிடும். ‘எனக்கு ஒன்றும் இல்லையே?’ என்று வீட்டில் தினமும் கேட்பதும் இதே ரகம்தான்.

மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். மெக்னீசியம் மாத்திரை வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து. சத்து மாத்திரைதானே என்று அதிக அளவில் வைட்டமின் பி6-ஐ நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைப் பாதித்து மரத்துப்போகச் செய்யும். யாரோ கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் துடிப்பும் கூடும். ஆஸ்துமா இன்ஹேலருக்குப் பிறகு நடுக்கம் வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ‘அதையே நினைக்காதே’ என்று சொல்லாதீர்கள், அது யாராலும் முடியாத காரியம். செய்ய முடிந்தது, சோதித்துப் பார்க்கும் ஆசை வரும்போது அதைத் தள்ளிப்போடுவது. முதலில் பத்து நிமிஷம், பிறகு ஒரு மணி நேரம். துடித்தால் துடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடர வேண்டும். அறிவுசார் நடத்தை சிகிச்சை என்று கவுன்சலிங்கில் செய்வதில் பெரிய பகுதி இதுதான், உடல்நலப் பயத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

தள்ளிப்போடக்கூடாத அறிகுறிகளும் உண்டு: சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, கால் மடங்கி அடிக்கடி இடறுவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமம், சதை கண்கூடாக வற்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் நேரே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.