பாக்கெட் பிஸ்டல் வாங்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களுக்கு

ஊரில் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, உரிமம் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கிப் பேச்சே. டெக்சஸ் பக்கம் வந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருக்கிறது, கேட்டால் எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே கட்டுப்பாடே கிடையாது என்று நினைத்தால் முதல் அடியே சறுக்கும்.

முதலில் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றம் சாராத எந்த விசாவில் வந்திருந்தாலும் துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ரேஞ்சில், அதாவது காசு கட்டிச் சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைத் துப்பாக்கியை வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். வார இறுதியில் கூட்டமாகப் போய்ச் சுட்டு, அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போடும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். அதை "நூறு டாலர் கட்டினால் முடிந்தது" என்று சொல்லித் திரிபவர்களை நம்பி இறங்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அந்த வழியில் போகவே கூடாது. கிரீன் கார்டு இருப்பவரையும் துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு ஒன்று நாட்டை விட்டே அனுப்பிவிடும்.

கிரீன் கார்டு வந்துவிட்டதா? உரிமம் பெற்ற கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பினால் கடைக்காரர் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். கஞ்சா பற்றிய கேள்வி அதில் உண்டு. உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் அனுமதிக்கவில்லை. தெரிந்தே பொய் எழுதினால் சிறை. மறைத்து எடுத்துச் செல்வது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள 21 வயதுக்காரருக்குத் தனி அனுமதி தேவையில்லை. நியூ ஜெர்சியில் அனுமதி கட்டாயம், வெளி மாநில அனுமதி அங்கே செல்லாது, ஹாலோ பாயின்ட் என்னும் முனை குழிந்த தோட்டாவுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. கலிஃபோர்னியாவில் மாநிலப் பட்டியலில் இல்லாத மாடலைக் கடைக்காரர் உங்களுக்குப் புதிதாக விற்க முடியாது. காரில் மாநில எல்லை தாண்டும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

இனி நம்மவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடம். கடையில் இருப்பதிலேயே குட்டியான ஒன்றைக் கையில் வாங்கி, உள்ளங்கைக்குள் அடங்குகிறது, எடையே இல்லை என்று மயங்கி அங்கேயே கார்டைத் தேய்த்துவிடுகிறார்கள். சின்ன பிஸ்டல் புதியவருக்கு எளிது என்பது முழுத் தவறு. சுடுவதற்கு அதுதான் மிகக் கடினம், தோட்டா சிக்கிக்கொள்வதும் அதில்தான் அதிகம்.

காரணம் உள்ளே இருக்கிறது. தோட்டா வெடித்ததும் ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி, பின்னால் போய்க் காலி உறையை வெளியே தள்ளுகிறது. திரும்பி வரும்போது மேகசினிலிருந்து, அதாவது பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டிலிருந்து, அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலின் பின்முனை அறைக்குள் திணிக்கிறது. சின்ன பிஸ்டலில் ஸ்லைடு குட்டை, எடை குறைவு, அதனால் வேகம் அதிகம். அதை அடக்கத்தான் விறைப்பான ஸ்பிரிங் போடுகிறார்கள். அடுத்த தோட்டாவை மேகசின் மேலே தூக்கிக் கொடுக்கக் கிடைக்கும் நேரம் மிகமிகக் குறைவு. இதில் உங்கள் மணிக்கட்டும் தளர்ந்தால், துப்பாக்கி முழுவதும் பின்னால் சாய்ந்து ஸ்லைடின் ஓட்டத்தைத் தின்றுவிடும். ஸ்லைடு பாதி தூரம் போய்த் திரும்பும், காலி உறை வாயிலில் நட்டுக்குத்தலாக மாட்டி நிற்கும். பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இல்லாத மாடல்களில் இது இன்னும் அதிகம்.

ஆகவே அளவைப் பார்க்கும் முன் எடையையும் பிடியையும் பாருங்கள். ரூகர் எல்சிபி மேக்ஸ் சுமார் 300 கிராம், .380 என்ற அளவுத் தோட்டா, மேகசினில் 10. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, ஆனால் கையில் நன்றாக உதைக்கும். கிளாக் 42 அதே .380 தான், சுமார் 390 கிராம், மேகசினில் 6. எண்ணிக்கை குறைவு, சுடுவதற்கு மென்மை. சிக் சாவர் பி365 சுமார் 500 கிராம், 9 மி.மீ., மேகசினில் 10. ஜீன்ஸ் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் பெரிது, இடுப்புக்குப் பொருந்தும். கை வலுவில்லாதவர், ஸ்லைடை இழுக்கத் திணறுபவர் ஐந்து குண்டு ரிவால்வரையும் சுட்டுப் பாருங்கள். அதில் மேகசின் கோளாறு இல்லை, ஆனால் ட்ரிகர் கனம். எங்கள் பரிந்துரை: முதல் துப்பாக்கி இதுவே என்றால் 300 கிராம் பக்கம் போகாமல் 390-க்கு மேல் தேடுங்கள். சந்தைக்கு வந்த புதிதில் எந்த மாடலையும் வாங்காதீர்கள். 2008-ல் வெளிவந்த முதல் எல்சிபியை, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதால் அதே ஆண்டில் ரூகர் திரும்ப அழைத்தது. பழையது வாங்கினால் வரிசை எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் சரிபாருங்கள்.

வாங்கிய அன்றே பாக்கெட்டில் போடாதீர்கள். துடைத்து எண்ணெய் இட்டு, 200 சாதா உருண்டை மூக்குத் தோட்டா சுடுங்கள். பிறகு தினமும் வைக்கப் போகும் அதே ஹாலோ பாயின்ட் தோட்டாவில் 50. அதன் மழுங்கிய வாய் சில துப்பாக்கிகளில் அறைக்குப் போகும் சரிவில் முட்டி நிற்கும், உருண்டை மூக்கில் இது தெரியவே தெரியாது. செலவைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். மேகசின்களில் மார்க்கரால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். சிக்கினால் முதலில் மேகசினை மாற்றுங்கள், பிறகு தோட்டாவை, பிறகு அனுபவமுள்ள ஒருவரைச் சுடச் சொல்லுங்கள். அவரிடம் சிக்கவில்லை என்றால் உங்கள் பிடியில் குறை. அவரிடமும் சிக்கினால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஐம்பதும் தடையில்லாமல் போகும் வரை அதை நம்பக் கூடாது.

பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது பாக்கெட்டுக்குள் துப்பாக்கியை மூடி வைக்கும் கூடு, இல்லாமல் பாக்கெட்டில் வைக்கவே கூடாது. அது ட்ரிகரை முழுக்க மூட வேண்டும், உருவும்போது ஹோல்ஸ்டர் பாக்கெட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, போன் எதுவும் கூடாது. வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள், துணிப் பிசிறு எண்ணெயில் ஒட்டித் திரண்டிருக்கும். தினமும் இறக்கி ஏற்றுபவர்கள் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றினால் குண்டு உறைக்குள் மெல்ல இறங்கிவிடும், வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குறைந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வேட்டி கட்டும் நாளில், பொங்கல் விழாவில், கோயிலில் இது வேண்டாம். பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வந்து தங்கினால் அவர்களுக்கும் அதே மத்தியத் தடைதான். பெட்டகத்தின் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள், பேரப்பிள்ளைகள் கண்ணில் படும்படி திறக்கவும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஊர்ப் பயணம். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையின் மூலையில் ஒரு தோட்டா ஒட்டிக்கிடக்கும். இங்கே விமான நிலையத்தில் கண்ணில் படாமல் போய்விடும், சென்னையிலோ டெல்லியிலோ திரும்பும்போது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்கு. அமெரிக்க அனுமதி அங்கே வெறும் காகிதம். தெரியாமல் இருந்தது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தான சம்பவங்கள் உண்டு, ஆனால் அதற்குள் விமானமும் விடுப்பும் போய்விடும், பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டும். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். பெட்டி கட்டும் முன்பு அதன் ஒவ்வொரு உள்ளறையையும் தலைகீழாகக் கவிழ்த்து, கிழிந்த உள்துணிக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.