ஆடி வருகிறதே என்று சாவியை நீட்டாதீர்கள்

ஆனி கடைசி வாரத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் டூலெட் பலகை மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்களைப் பாருங்கள், முகத்தில் ஒரு பரபரப்பு தெரியும். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள், ஒரு மாத வாடகை போச்சு. முதன்முதலாக மாடியை வாடகைக்கு விடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த அவசரத்தில் நடப்பவைதான். நானும் செய்தேன். "வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு சார், பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், அக்ரிமென்ட் அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றார் வந்தவர். சாவியைக் கொடுத்தேன். அந்த அடுத்த வாரம் வர ஐந்து மாதம் ஆனது. அட்வான்ஸிலும் பாதிதான் கைக்கு வந்திருந்தது.

வாய்ப்பேச்சு இனி செல்லாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். "பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு" என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பழைய கணக்கு. ஆளைப் பிடிக்கவில்லை என்று பிறகு தண்ணீரை நிறுத்துவதற்கும் ஃபியூஸைப் பிடுங்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் வீடு இருந்தால் இந்தச் சட்டம் அங்கே வராது. அந்த ஊர் வக்கீலைக் கேளுங்கள்.

அடுத்தது, கேட்கிற கேள்விகள். என்ன ஆளுங்க, கவுச்சி சாப்பிடுவீங்களா என்று அரைமணி நேரம் குடைகிறோம். (மீன் வாசம் வராத தெருவைக் கடலூரில் தேடிக் கண்டுபிடித்தவர் இருந்தால் சொல்லுங்கள்.) சாதியைத் தெரிந்துகொண்டால் வாடகை தேதிக்கு வந்துவிடுமா? கேட்க வேண்டியது வேறு. எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை வண்டி, இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறார்கள்?

தலைகளை எண்ணாமல் விட்டவர் என் நண்பர். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த பசங்க நாலு பேர் என்று ஒரு காண்ட்ராக்டர் வீடு எடுத்தார். ஒரு மாதத்தில் அது பதினொன்றாகி, செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தபோதுதான் இவருக்கே விஷயம் தெரிந்தது. தங்கப் போகிறவர்கள் பெயரெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சம்பளச் சீட்டை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று மாத வங்கிக் கணக்கையும் கேளுங்கள். காண்ட்ராக்ட் வேலை என்பது குறை இல்லை. ஆனால் சம்பளம் 15ஆம் தேதி வருகிறவரிடம் 5ஆம் தேதி வாடகை கேட்டால் மாதாமாதம் முகச்சுளிப்புதான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் வாடகை என்றால் நான் யோசிப்பேன்.

இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆள் கிளம்பினால் போதும் என்று நினைப்பவர் "தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள். அவருக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை.

ஆதார் ஜெராக்ஸை வீடு பார்க்க வந்த எல்லோரிடமும் வாங்கி அலமாரியில் குவிக்க வேண்டாம். முடிவானவரிடம் மட்டும், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகல் போதும். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பக்கத்து உண்மையையும் மறைக்காதீர்கள். கெடிலம் ஆற்றோரத்து வீடு என்றால் 2015 மழையில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று காட்டிவிடுங்கள். மறைத்தால் ஐப்பசியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இரண்டாவது முறை, ஆனிக்குள் வந்த யாரும் எனக்குச் சரிப்படவில்லை. ஆடி முழுக்க மாடி பூட்டியே கிடந்தது. வெள்ளையடித்து, ஒழுகிக்கொண்டிருந்த டேங்க் பைப்பை மாற்றி வைத்தேன். ஆவணியில் ஒரு நர்ஸ் குடும்பம் வந்தது. அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சினார்கள்.