குறட்டைக்கு வாய்க்கருவி: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

குறட்டை விடுகிறவருக்குத் தம்முடைய குறட்டை கேட்பதில்லை. ஆகையால் இதற்கான வைத்தியம் பக்கத்தில் படுத்திருப்பவரின் சாட்சியத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அந்தச் சாட்சியம், "சத்தத்தக்கூடப் பொறுத்துக்கிடலாம், நடுவுல மூச்சே இல்லாமக் கெடக்கியளே, அதுதான் பயமா இருக்கு" என்று ஒரு நாள் காலைக் காப்பியோடு வந்து சேர்ந்தது. நான் அதன் முதற்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, சத்தத்தை அடக்கும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். இரண்டாம் பாதிக்கு வந்து சேர எட்டு மாதங்கள் ஆயின. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஒரு கடைவாய்ப் பல்லின் மேல் உறையாகப் போட்டிருந்த கேப்பும் தப்பியிருக்கும் என்பதால், செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை கேட்பது. கைபேசியைத் தலைமாட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வைத்து, மூன்று இரவுகள் ஒலியைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அத்தனையையும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. கனவுத் தூக்கம் மிகுந்து தசைகள் நன்றாகத் தளர்ந்திருக்கும் விடியற்காலைப் பகுதியை முதலில் கேளுங்கள். மாவு மில் ஓடுவது போல ஒரே சீராகச் சத்தம் போய்க்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வெறும் குறட்டை. சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்து, பத்து வினாடியோ அதற்கு மேலோ ஓசையே இல்லாமல் கிடந்து, பிறகு தாமிரபரணியின் குறுக்குத்துறையில் முங்கி எழுந்தவர் போல ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கினால், அது தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையாக இருக்கக்கூடும். மல்லாந்து படுத்தபோதா, ஒருக்களித்தபோதா என்பதையும் வீட்டாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மூச்சு நிற்பது தெரிந்தால், கருவி வாங்கும் யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சத்தம் மட்டுமே இருந்தாலும், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம், காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுவது, 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, 50-ஐத் தாண்டிய வயது ஆகியவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அதே வழிதான். பகல் தூக்கத்தை மதிப்பிட, ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. தொலைக்காட்சி பார்ப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருப்பது போன்ற எட்டுச் சூழ்நிலைகளில் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம், கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் அது இயல்பான அசதி அன்று. நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போகும் நான்குவழிச் சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு கணமேனும் கண் அயர்ந்தவர், அளவுகோலை எல்லாம் நிரப்பிக்கொண்டிருக்காமல், பரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, நெஞ்சக நோய் மருத்துவரிடமோ தொடங்கலாம். இரவு முழுவதும் விரலில் ஒரு உணரியையும், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாயையும், மார்பில் ஒரு பட்டையையும் மாட்டிப் படுக்க வைத்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 15 வரை லேசானது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. கடுமையானவர்களுக்கு முதல் சிகிச்சை, சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் இயந்திரமே. வாய்க்கருவி வெறும் குறட்டைக்கும், லேசான மற்றும் நடுத்தர மூச்சுத்தடைக்கும், இயந்திரத்தோடு ஒத்துப்போக முடியாதவர்களுக்கும் உரியது. எனக்கு வந்த எண் 22.

இவ்வளவும் ஏன் என்றால், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, அடிநாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியில் விரைந்து போகும் காற்று மேல்வாயின் மெத்தென்ற பின்பகுதியான மென்னண்ணத்தையும் உள்நாக்கையும் படபடக்க வைப்பதே குறட்டை. பாதை முழுதாக அடைபட்டால் சத்தம் இருக்காது. அமைதி எப்போதும் நல்ல அறிகுறி அன்று என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

கருவிக்கு முன் மூக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூக்கு அடைத்தவருக்கு எந்த வாய்க்கருவியும் தங்காது. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் மாதங்களில் மட்டும் குறட்டை கூடுகிறதென்றால், தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பலன் தரும். அந்த நீர் கொதித்து ஆறியதாக இருப்பது கட்டாயம். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், காய்ச்சாத நீரில் இருக்கக்கூடிய அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறினால் உயிர் பிழைப்பது அரிது. மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கிவிடும். ஒவ்வாமைக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. அதை வாரக்கணக்கில் போட்டால்தான் பலன் தெரியும்.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் சத்தம் வருகிறவர்களுக்குக் காசில்லாத ஒரு வழி உண்டு. பழைய பனியனின் முதுகுப் பக்கத்தில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒரு பழைய காலுறையை மூன்று பக்கமும் தைத்துப் பையாக்கி, அதில் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். புரண்டால் பந்து குத்தும். விழிக்காமலேயே உடம்பு பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். பத்தமடைப் பாயில் படுக்கிறவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. இலவம்பஞ்சு மெத்தையில் பந்து அமுங்கிவிடுவதால், அங்கே முதுகுக்கு நீளத் தலையணை ஒன்றை அணைப்பதே மேல்.

மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகின்றன; படுப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரத்திற்குள் குடித்தவரின் சத்தத்திற்கு எந்தக் கருவியும் பொறுப்பேற்காது. இரவு பத்து மணிக்குச் சால்னாவில் ஊறிய புரோட்டாவை முடித்துவிட்டு நேரே படுப்பதையும் விட வேண்டும். எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறத்தாழக் கால் பங்கு குறையக்கூடும்.

வாய்ப் பயிற்சியை நான் முதலில் நம்பவில்லை. பிரேசில் நாட்டில் முறையாகச் சோதித்து, மூன்று மாதத்தில் குறட்டை குறைவதைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே செய்தேன். நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, அண்ணத்தோடு ஒட்டியபடியே பின்னோக்கி இருபது முறை இழுக்க வேண்டும். பிறகு நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி இருபது முறை. நுனி கீழ்ப் பற்களைத் தொட்டிருக்க அடிநாக்கைக் கீழே அழுத்தி இருபது முறை. கண்ணாடி முன் வாயைத் திறந்து, உள்நாக்கு மேலே எழும்பும்படி "ஆ" என்று விட்டுவிட்டு இருபது முறை. இரண்டு கன்னத்திலும் மாறி மாறி மெல்லும் பழக்கமும் இதில் சேர்ந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்னும் நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததாக 2006-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதற்கு அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் வேண்டும்.

இனி கருவி. தாடையை முன்னகர்த்தும் வகையே பெருவழக்கு. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரண்டு அச்சுகள் பற்களைப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துகின்றன. தாடையோடு நாக்கும் முன்னே வருவதால், பின்னால் காற்றுப் பாதை அகலுகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று தோராயமாகப் பார்க்க, விழித்திருக்கும்போதே வாயைத் திறந்து குறட்டை போலச் சத்தம் எழுப்புங்கள்; பிறகு கீழ்ப் பற்கள் மேல் பற்களைத் தாண்டும்படி தாடையைத் தள்ளிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பப் பாருங்கள். சத்தம் வர மறுத்தால் நம்பிக்கை வைக்கலாம்.

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மலிவான கருவி இணையத்தில் கிடைக்கிறது. நான் வாங்கியதும் அதுதான். எவர்சில்வர் கிண்ணத்தில் கொதித்த நீரை ஊற்றி, அதில் கருவியை முக்கி, கண்ணாடி போல இளகியதும் எடுத்து வாயில் வைத்துக் கடித்தேன். பல்லில் கேப் போட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததை, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கேப் கருவியோடு வெளியே வந்த பிறகுதான் படித்தேன். சத்தம் என்னவோ குறைந்தது. பிறகு எடுத்த பரிசோதனையோ மூச்சு நின்றுகொண்டேதான் இருந்தது என்று சொல்லிற்று. பல் உறுதியாக உள்ளவர் இரண்டு மூன்று வாரம் பழகிப் பார்க்க இது பயன்படலாமே தவிர, நெடுநாளைக்கு ஆகாது.

நம் வாய்க்கென்றே செய்வதற்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும். காவல்கிணறு போன்ற இடங்களில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். "தூக்க மூச்சுத்தடைக்குக் கருவி செய்த பழக்கம் உண்டா, முன்னகர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதில் இருக்குமா, பின்வருகைகளும் கட்டணத்தில் அடங்குமா" என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். வரிசைக்கு எட்டுப் பத்துப் பற்களாவது உறுதியாக இருக்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். காதோரத் தாடை மூட்டில் வலி உள்ளவருக்கு இது ஒத்துவராது. முழுப் பல் செட் வைத்திருப்பவருக்கு, நாக்கின் நுனியைச் சிறு குமிழுக்குள் உறிஞ்சிப் பிடித்து முன்னால் வைத்திருக்கும் வேறு வகை ஒன்று உண்டு. பார்க்கச் சிரிப்பு வரும், பழக நாளாகும்.

அச்செடுத்துக் கருவி கையில் வந்த முதல் வாரம், படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் விழித்திருக்கும்போதே போட்டுப் பழகுங்கள். எச்சில் ஊறித் தலையணை நனைவதும், மாறாக வாய் வறள்வதும் முதலில் இருக்கும். சில வாரங்களில் அடங்கிவிடும். தாடையை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ, அதில் ஏறத்தாழப் பாதியளவில் தொடங்கி, திருகைக் கால் மில்லி, அரை மில்லி என்று மருத்துவர் சொன்ன இடைவெளியில் மட்டும் ஏற்ற வேண்டும். சத்தம் சீக்கிரம் நிற்கட்டும் என்று ஒரே இரவில் நான்கு சுற்றுத் திருகினால், மறுநாள் இட்லிகூட மெல்ல முடியாது.

காலையில் கழற்றியதும் பின்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதது போல இருக்கும். பத்து நிமிடம் சர்க்கரையில்லாத சூயிங்கம்மை மென்றோ, கடைவாயை மெதுவாக இறுகக் கடித்துப் பிடித்தோ தாடையைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். சரியாகிவிட்டதா என்று அறிய, செய்தித்தாளில் ஒரு மெல்லிய கீற்றைக் கிழித்துக் கடைவாயில் வைத்துக் கடித்து இழுத்துப் பாருங்கள். காலைப் பலகாரத்திற்குப் பின்னும் தாள் தடையின்றி உருவிக்கொண்டு வருமானால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் போடும்போது கடி நிரந்தரமாக மாறிப்போவதுதான் இந்தக் கருவியின் உண்மையான விலை.

கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், சிறிது சோப்பு போதும். பற்பசை அதைக் கீறிவிடும், வெந்நீர் உருவைக் கெடுத்துவிடும். நன்றாக உலர்த்தி மூடியுள்ள டப்பியில் வைக்காவிட்டால், எச்சில் வாடைக்கு எறும்பு மொய்க்கும். நாய் வளர்க்கும் வீட்டில் நாயே தூக்கிக்கொண்டு போய்விடும்.

கன்னத்தைக் கட்டும் தாடைப் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. வாயில் டேப் ஒட்டிக்கொள்வது மூக்கடைப்பு உள்ளவருக்கு ஆபத்து. குழந்தை நாள்தோறும் குறட்டை விட்டால், "நல்லாத் தூங்குதான்" என்று பெருமைப்படாமல் டான்சிலையும் அடினாய்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு இந்தக் கருவி எதையும் வாங்கிப் போடக் கூடாது.

திருகு ஒரு நிலைக்கு வந்து, வீட்டார் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய பிறகு, கருவியை மாட்டிக்கொண்டே தூக்கப் பரிசோதனையை இன்னொரு முறை எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். எனக்கு 22 என்பது 6 ஆகியிருந்தது. அதன்பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல்லையும் கருவியையும் சேர்த்துக் காட்டி வருகிறேன். இடையில் பல் அடைக்கவோ புதுக் கேப் போடவோ போனால், வேலை தொடங்கும் முன்பே கருவியை டப்பியோடு மருத்துவரின் மேசையில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பல்லின் உருவம் சற்று மாறினாலும் பழைய அச்சு உட்காராது.