அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக ஊருக்குப் போகிறீர்களா?

மூன்று வார லீவுக்குள் ஆபரேஷனை முடித்து, அம்மாவை நடக்கவைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), சிறுநீர், பல், பாதம் நான்கையும் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சி 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். சொத்தைப் பல்லிலோ ஆழமான பித்தவெடிப்பிலோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்தால், பொருத்தியதையே கழற்ற நேரலாம். லீவு முடிகிறதே என்று இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யக் கேட்காதீர்கள். ரத்த இழப்பும் இதயத்தின் சுமையும் கூடும். அது இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

'சின்ன வெட்டு', 'ரோபோ' என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். தொடைத் தசையை வெட்டாமல் ஒதுக்கிவிட்டு உள்ளே போகும் முறையில் முதல் சில வாரம் காலைத் தூக்குவது சுலபம். சில மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். பல ரோபோ முறைகளில் ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. சிடி ஸ்கேனை வைத்துப் போட்ட திட்டத்தின் எல்லையை ரம்பம் தாண்டாமல் அது பிடித்துக்கொள்ளும். அவற்றில் ரம்பம் டாக்டர் கையில்தான். உண்மையிலேயே சிறிய ஆபரேஷன் என்றால், மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து ஜவ்வுகள் உறுதியாக இருப்பவர்களுக்குச் செய்யும் பாதி மூட்டு மாற்று. கால் வில்லாக வளைந்து இறுகிப்போன பிறகு அதற்கு வழியில்லை. நம் அம்மாக்கள் பெரும்பாலும் அப்போதுதான் வலிக்கிறது என்றே சொல்கிறார்கள்.

இனி இன்சூரன்ஸ் டெஸ்க். ஆபரேஷனைவிட இதற்குத்தான் தயாராக வேண்டும்.

அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா வலி?" என்பார். அம்மா "பத்துப் பதினஞ்சு வருஷமா இருக்குப்பா" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கேள்வி கிளம்புவது அந்த ஒரு வரியிலிருந்துதான். பொய் சொல்ல வேண்டாம். முதல் எக்ஸ்ரே, முதல் மருந்துச் சீட்டு இரண்டையும் தேதியோடு கையில் வைத்துக்கொண்டு, சரியான வருடத்தை நீங்களே சொல்லுங்கள். மூட்டு மாற்றுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் உண்டா, ரோபோ முறைக்கு உச்சவரம்பு உண்டா என்று பாலிசியில் முன்பே பாருங்கள்.

அடுத்தது ரூம். "வெளிநாட்டுல சம்பாதிக்கிறே, அம்மாவுக்கு ஒரு டீலக்ஸ் ரூம் எடுக்கக் கூடாதா?" என்று சித்தப்பா கேட்டதும் மனசு உறுத்தும், தலையாட்டிவிடுவோம். பாலிசியில் ரூம் வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய் இருக்க, 8,000 ரூபாய் ரூமில் சேர்த்தால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். ஆனால் மருந்து, இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு), ஸ்கேன் மற்றும் லேப் செலவில் இந்த விகிதத்தில் கை வைக்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. வெட்டியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். இம்ப்ளான்ட்டுக்கு 2017 ஆகஸ்ட்டிலிருந்து விலை உச்சவரம்பு உண்டு. கோபால்ட் குரோமியம் உலோக செட்டுக்கு அன்று வைத்தது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இம்ப்ளான்ட்டின் எண்கள் உள்ள ஸ்டிக்கர்களைப் படம் எடுத்துவிட்டுத்தான் ஃபைலில் கொடுங்கள். பல வருடம் கழித்து மறு ஆபரேஷன் வந்தால் அந்த எண்கள்தான் பேசும்.

டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024 மே மாதம் வந்த விதி. எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வரும்வரை அம்மாவின் கட்டிலைக் காலி செய்யாதீர்கள். காலையிலேயே புடவை மாற்றி, கேனுலா (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) எடுத்த கையில் பஞ்சு ஒட்டியபடி, வீல்சேரில் காலைத் தொங்கப்போட்டு மாலைவரை உட்கார்ந்தால், கணுக்காலில் விரல் அழுத்திய குழி எழும்பாத அளவுக்கு வீங்கிவிடும். அன்று இரவு ஒரு பயிற்சியும் செய்ய முடியாது.

லீவில் பெரும்பகுதியை டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் நாட்களுக்கு வையுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்; இரண்டாம் வாரம் வீட்டில்தான் அம்மா தனியாக வலியோடு இருப்பார். தையல் பிரிக்கும் 14-ஆம் நாள் வாக்கில் முட்டி 90 டிகிரி மடங்க வேண்டும். ஆறு வாரத்திலும் மடங்கவில்லை என்றால் மயக்கம் கொடுத்து மடக்க வேண்டிவரலாம். பிசியோ வர அரை மணி முன்னால் வலி மாத்திரை. பார்க்க வருகிற அத்தை பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார். எடுத்துவிடுங்கள், கால் நீட்ட வராமல் போகும். வைத்தால் குதிகாலுக்கு அடியில். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. கூடவே அழைத்துப்போக நினைத்தால், நீண்ட விமானப் பயணத்தை வழக்கமாக மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள்.

திரும்பிப் போகும் முன், கட்டிலுக்குப் பக்கவாட்டில் முட்டி உயரத்தில் போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள். முகத்தை மட்டும் காட்டினால் அம்மா "நல்லா இருக்கேன்பா" என்றுதான் சொல்வார். முட்டியை மடக்கும்போது குதிகால் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று தினமும் பாருங்கள்.