‘ஜீப்தானே, தாங்கும்’: வன்னியில் டீசல் ஃபோர்வீல் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு ஜீப்பின் முன்சில்லு இழுக்காது என்பது எனக்குத் தெரியவந்தது நெடுங்கேணிப் பக்கம் ஒரு வயல் பாதையில். கார்த்திகை மாதம், விடாத மழை. பின்னுக்கு மாமியும் இரண்டு பிள்ளைகளும். பின்சில்லு புதைந்ததும் கொஞ்சம் பெருமையோடுதான், நாலு சில்லையும் இழுக்க வைக்கும் ஃபோர்வீல் கியரை இழுத்தேன். முன்னால் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, சில்லு அசையவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து ஓர் உழவு இயந்திரம் வந்து இழுத்து வெளியே விட்டது. கயிற்றைக் கழற்றும்போது அதை ஓட்டிவந்த தம்பி சொன்னான்: “அண்ணை, உங்கட நாலு சில்லை விட என்ர ரெண்டு சில்லு பரவாயில்லை.”

பிழை வாகனத்தில் இல்லை. வாங்கி இரண்டு வருடமாக அந்தக் கியரை நான் தொட்டதே இல்லை. பல ஜீப்புகளில் முன் அச்சை இணைத்துவிடுவது காற்றை உறிஞ்சும் மெல்லிய ரப்பர் குழாய்களும் ஒரு சிறிய இழுப்பானும்தான். வெயிலில் குழாய் வெடிக்கும், இழுப்பான் துருப்பிடித்து இறுகும். மாதத்துக்கு ஒருமுறை கிரவல் றோட்டில் ஃபோர்வீலைப் போட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடினால் எல்லாம் அசைந்து கொடுக்கும், முன் டிஃபரன்ஷியலுக்குள், அதாவது இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிக்குள், ஒயிலும் சுழலும். விளக்கு மின்னினால் அது இன்னும் இணையவில்லை என்று அர்த்தம். இதை மழைக்கு முதல், புரட்டாதியிலேயே பார்த்துவிட வேண்டும். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் பழைய ஜீப்புகளே கைமாறிக்கொண்டிருந்தன. ஏ9 வீதியில் ஓட்டிப் பார்த்து “எஞ்சின் நல்ல சத்தம்” என்று காசை எண்ணிக் கொடுப்பவர்கள் கியரை இழுத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மழை தூறியதும் தார் றோட்டில் ஃபோர்வீலைப் போட்டுக்கொண்டு ஓடுவது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடுதல் தூரம் சுற்ற வேண்டும். டபுள் கப் பிக்கப் போன்ற, தேவைப்படும்போது மட்டும் போடும் பகுதிநேர ஃபோர்வீலில் முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறோம். மண்ணில் என்றால் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் அப்படி விடாது, நனைந்திருந்தாலும் பிடிக்கும். முறுக்கமெல்லாம் கியர்ப்பெட்டிக்குள் ஏறும். பிறகு கியரைக் கழற்றவே முடியாது, வாகனம் பிரேக் பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படி இறுகிவிட்டால் கியரோடு மல்லுக்கட்டாமல் நேராகக் கொஞ்சத் தூரம் பின்னுக்கு எடுத்தால் போதும், கழன்றுவிடும்.

எல்லா ஜீப்பும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இங்கே குழப்பம். டிஃபென்டரும் பெரும்பாலான பிராடோக்களும் முழுநேர ஃபோர்வீல். நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால் தாரிலும் ஓடலாம், அதைப் பூட்டும் பொத்தானைத்தான் தாரில் தொடக்கூடாது. எங்கள் ஊரில் மொண்டேரோ என்று சொல்லும் பஜெரோவின் சுப்பர் செலக்டில் முதல் ஃபோர்வீல் நிலை தாருக்குப் பரவாயில்லை, அதற்கு அடுத்த பூட்டிய நிலை கூடாது. உங்களுடையது எது என்று கராஜில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அவருடைய ஜீப்புக்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று, ஃபோர்வீல் என்பது இழுக்கத்தான். பிரேக்குக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. சாதாரணக் காரிலும் பிரேக் நாலு சில்லுக்கும்தான் பிடிக்கிறது. இரண்டு தொன் பாரத்தோடு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இரவில் பறப்பவர்கள் அதை மாடு குறுக்கே வரும்போதுதான் நினைக்கிறார்கள்.

ரயர் விசயத்தில் சிக்கனம் பார்க்கப் போய்ப் பெரிய செலவை இழுத்துக்கொள்கிறோம். காரில் முன்னுக்கு ஒரு சோடி, பின்னுக்கு வேறொரு சோடி போட்டுப் பழகியவர்கள் ஜீப்பிலும் அதையே செய்கிறார்கள். முழுநேர ஃபோர்வீலில் புது ரயரும் தேய்ந்த ரயரும் கலந்தால் சுற்றளவு மாறும், நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்து சூடாகும். நாலும் ஒரே அளவு, ஒரே சாதி, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிவிட்டால் நாலும் ஒன்றாகக் கிழடு தட்டும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் இறங்கக் காற்றைக் குறைப்பது சரிதான், 18–20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். திரும்பித் தாரில் ஏறியதும் முதல் வேலை காற்றடிப்பது. காற்றுக் குறைந்த ரயரோடு வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

இனித் தண்ணீர். வன்னியில் ஜீப்பைச் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு மாரியிலும் வான் பாயும் குளத்துக்குக் கீழே, வீதியை மூடி ஓடும் தண்ணீருக்குள் யாராவது ஜீப்பை விடுகிறார்கள். “டீசல்தானே, பிளக் நனையாது” என்பது அவர்கள் சொல்லும் நியாயம். தீப்பொறி பிளக்கே டீசலில் இல்லை, உண்மைதான். ஆனால் டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கித்தான் எரிக்கிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. காற்றிழுக்கும் குழாய்க்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் போனாலே பிஸ்டன் மேலே வந்து முட்டும், அதைத் தாங்கும் தண்டு வளையும். அந்தக் குழாயின் வாய் அனேக ஜீப்புகளில் முன் மட்காட்டுக்குள், ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பொனற்றைத் திறந்து ஒருநாள் பாருங்கள். பார்த்தபிறகு துணிச்சல் பாதியாகும்.

எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திறப்பைத் திருப்பாதீர்கள். இதை இரண்டு தரம் எழுத ஆசை. நின்றவுடன் பதறி ஸ்டார்ட் பண்ணுவதால்தான் தப்பியிருக்க வேண்டிய எஞ்சினும் போகிறது. கட்டி இழுத்து வெளியே எடுத்து, எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கராஜ்காரர் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும். ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் உயரத்துக்கே திரும்பிவிடுவது நல்லது. கீழே வீதி இருக்கிறதா, மதகு அரித்துப் போயிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டோம், சரி, முடிந்தது என்று நினைப்பதும் பிழை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் புழுதியால் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இரண்டு நாளுக்குள் மூடியைக் கழற்றி ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். தண்டுகளின் மூட்டுகளுக்குக் கிறீஸும் அடிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் காசு ஒரு டிஃபரன்ஷியலின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதற்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணிய கதையை எங்கள் அப்பாமார் இன்னும் சொல்வார்கள். அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் அதை டீசல் ஜீப்புக்குக் கொண்டுவரக்கூடாது. பழைய ஜீப்புகளில் டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் சுழல் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை, டீசலே அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெய் மெல்லியது, பம்பின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புதிய கொமன் றெயில் எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம். ரயருக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார் என்றால் அந்த எஞ்சின்களில் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் போகும் ஒரு மணல்துகளோ தண்ணீர்ச் சொட்டோ இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் கான்களிலும் பீப்பாக்களிலும் டீசல் சேர்க்கப் பழகினோம். அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் விடவில்லை. பீப்பாவின் அடியில் தண்ணீர் சேரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் பாசி மாதிரி ஒரு கறுப்புக் கசடு வளரும். அதை வாகனத்துக்குள் கவிழ்த்தால் பில்டர் அடைக்கும். டீசல் பில்டருக்கு அடியில் ஒரு சிறிய திருகு இருக்கும், அதைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கலாம். மாரிகாலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்ய ஐந்து நிமிடம் காணும். தாங்கியை வற்றவிடுவதும் வேண்டாம். டீசலில் காற்றுப் பிடித்தால் பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி வெளியேற்ற வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு மாங்குளத்துக் காட்டோரத்தில், யானை வருமோ என்ற யோசனையோடு செய்யக்கூடிய வேலை இல்லை அது.

சூடு பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படிவு தெரியும். ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதே படிவுதான் எஞ்சினின் சிறிய வழிகளிலும் பிடிக்கிறது. கூலன்ரும் வடித்த தண்ணீரும் சரிபாதி, அவ்வளவுதான். பழைய பிராடோவின் மூன்று லீற்றர் எஞ்சின் போன்றவற்றில் ஹெட் அலுமினியம். ஒருதரம் நன்றாகச் சூடேறினால் வால்வுகளுக்கு இடையில் வெடிப்பு விழும். ஊசி ஏறத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும், “கராஜ் வரைக்கும் போய்விடலாம்” என்ற அந்த மூன்று கிலோமீற்றரில்தான் ஹெட் போகிறது.

சூடேறும் வாகனத்துக்கு எங்கள் பக்கம் சொல்லும் வைத்தியம் ஒன்று: “தேமொஸ்டாற்றைக் கழற்றி எறி, இந்த வெக்கைக்கு அது ஏன்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேமொஸ்டாற் என்பது எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. ஆனால் பல எஞ்சின்களில் அது திறக்கும்போது ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குவழியையும் மூடுகிறது. கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாரத்தோடு போகும்போது தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் புகை தள்ளும், புகைச் சோதனையில் அது தெரியவரும். பழுதாக இருந்தால் புதியதைப் போடுங்கள். காட்டுப் பாதையில் போய்வந்தால் ரேடியேற்றருக்கு முன்னால் புல்விதையும் பூச்சியும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்தில் நின்று வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், அதிக அழுத்தம் வேண்டாம்.

எஞ்சின் ஒயில் கறுத்துவிட்டது என்று பதறத் தேவையில்லை, டீசலில் மாற்றிய மறுநாளே கறுக்கும். நிறத்தைப் பார்க்காமல் கிலோமீற்றரைப் பாருங்கள். பழைய டீசலுக்கு 5,000 கிலோமீற்றர் என்பது நல்ல கணக்கு. எயார் பில்டரை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும், மாறி ஊதினால் புழுதியை நாமே உள்ளே தள்ளுகிறோம். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் றோட்டில் மணல் டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாமல் கொஞ்சம் விட்டுப் போனாலே பில்டரின் ஆயுள் கூடும். டேர்போ வாகனத்தை நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். சேர்விஸ் முடிந்ததும் அடிப்பக்கத்துக்குப் பழைய ஒயில் விசிறி “துருப்பிடிக்காது” என்பார்கள். துருவுக்கு நல்லதோ இல்லையோ, அடிப்பக்க மூட்டுகளில் இருக்கும் புஷ்களின் ரப்பர் ஊதிப் பிய்ந்துபோகும்.

காலபோக அறுவடைக்குப் பிறகு வீதியோரத்தில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். ஜீப் உயரம்தானே என்று வைக்கோலுக்கு மேலால் ஏற்றி ஓட்டாதீர்கள். அது பின்தண்டில் சுற்றிக்கொள்ளும், சூடான புகைக்குழாயில் பட்டால் பற்றியும் எரியும். ஓடிவிட்டீர்கள் என்றால் அடுத்த நிழலில் நிறுத்தி, குனிந்து பார்த்துப் பிய்த்தெடுங்கள். குனிந்த கையோடு அடியில் தொங்கும் ஸ்பெயார் ரயரையும் ஒருதரம் இறக்கிப் பாருங்கள். அதைத் தாங்கும் சங்கிலி துருவேறி இறுகியிருப்பது ரயர் பஞ்சரான அன்றுதான் பலருக்குத் தெரியவருகிறது. பின்கதவில் ரயர் உள்ளவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஜக் ஈரக் கிரவலில் புதையும் கவலை எல்லோருக்கும் பொது. நான் பின் இருக்கைக்கு அடியில் ஒரு சாண் அகலப் பாலைப் பலகை வைத்திருக்கிறேன். மாமி அதை விறகு என்று நினைத்து இரண்டு தரம் இறக்கி வைத்துவிட்டார்.