புதுப்பேட்டை ரிம், ரிச்சி ஸ்ட்ரீட் பட்டன்: சிம் ஸ்டீயரிங் செய்யலாம் வாங்க

சிம் என்றால் நிஜ ஓட்டம் போலவே இருக்கும் கார்ப் பந்தயக் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதற்கான ஸ்டீயரிங்கில் எதைச் செய்யப் போகிறோம், எதைத் தொடப் போவதில்லை என்பதை முதலில் பேசிவிடலாம். ரிம்மைத் தாங்கி, கைக்கு எதிர்விசை கொடுக்கும் மோட்டார் பெட்டியான பேஸைத் தொடப் போவதில்லை. லாஜிடெக்கோ, மோஸாவோ, உங்களிடம் இருப்பது இருக்கட்டும். கையில் பிடிக்கும் ரிம், அதன் நடுவே பட்டன் தகடு, பின்னால் கியர் மாற்றும் பேடில், இந்த மூன்றும்தான் நம் வேலை. இது கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் உரிமம் வாங்கிய சாதனங்களைத்தான் உள்ளே விடும். நாம் செய்யும் பட்டன்களை அவை கண்டுகொள்ளாது.

கடை ரிம்மின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். காசு மிச்சமாகும்தான். ஆனால் என்னைக் கேட்டால், நம் கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில் பட்டன் வைக்கலாம் என்பதற்காகவே இதைச் செய்யலாம். பிட் பாதைக்குள் நுழையும்போது, அங்கே வேகம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் பிட் லிமிட்டர் எங்கே என்று குனிந்து பார்க்க நேரமில்லை. விஆர் கண்ணாடி மாட்டி ஓட்டுகிறவருக்குத் தன் கையே தெரியாது. அதனால் இந்த வேலை முழுக்க ஒரே கேள்விதான்: பார்க்காமல் தொட்டால் கிடைக்கிறதா?

எந்த வண்டி ஓட்டுகிறீர்களோ அதற்கேற்ற வடிவம் எடுங்கள். ராலி, டிரிஃப்ட் என்றால் முழு வட்டம், விட்டம் 330 முதல் 350 மி.மீ. வரை. கை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும், மேலோ கீழோ வெட்டுப்பட்டிருந்தால் பிடி நழுவும். ஃபார்முலா வண்டிகளில் ஸ்டீயரிங்கின் மொத்தத் திருப்பமே ஏறக்குறைய ஒரு சுற்றுக்குள் முடிந்துவிடும், கை இடம் மாறாது. அங்கே பட்டாம்பூச்சி வடிவம் சரி. இரண்டும் ஓட்டுவேன் என்பவர் 300 மி.மீ. விட்டத்தில் அடிப்பக்கம் மட்டும் தட்டையான ரிம் எடுக்கலாம். பேஸின் பலத்தையும் பாருங்கள். லாஜிடெக் ஜி29 போன்ற பேஸின் முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். அதன் தலையில் கனமான இரும்பு ரிம்மை ஏற்றினால் டயர் வழுக்குவதைச் சொல்லும் சின்ன அதிர்வெல்லாம் ரிம்மின் எடையிலேயே அமுங்கிவிடும்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே போனால் கம்பெனி காரிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங்கைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். அதன் நடுவே பல்வெட்டு இருக்கும், நம் பேஸில் உட்காராது. ஏர்பேக் இன்னும் உள்ளே இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். அதில் இருப்பது வெடிபொருள், ஸ்க்ரூடிரைவர் போட்டு நோண்டும் சமாச்சாரம் இல்லை. நமக்குத் தேவை, நடுவில் ஆறு போல்ட் துளை உள்ள ஸ்போர்ட்ஸ் ரிம். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி ரிம்களில் பெரும்பாலும் அந்த ஆறு துளைகளும் 70 மி.மீ. வட்டத்தில் இருக்கும். நார்டி என்றால் 74. ரிம்மைச் சிம் பேஸோடு இணைக்க விற்கும் அடாப்டர்கள் அநேகமாக 70-க்குத்தான் கிடைக்கும்.

கடையில் நின்று இதை அளக்க ஒரு சுலப வழி: அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஆறு துளை சம இடைவெளியில் இருந்தால் அந்த அளவு வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். 35 வந்தால் 70, 37 வந்தால் 74. மையம் கண்ணுக்குத் தெரியாதே என்றால் ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை வெர்னியர் வைத்து அளங்கள், அதே அளவுதான் வரும்.

ரிம் வந்ததும் ட்ரில்லைத் தேடாதீர்கள். டிவி பெட்டி, ஃபேன் பெட்டி, ஏதாவது ஒரு கெட்டி அட்டையை எடுத்து ரிம்மின் நடுவே பொருந்தும்படி வெட்டி, போல்ட் போட்டு மாட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரிம்மைப் பிடியுங்கள். பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரலை மட்டும் நகர்த்தி, அது போகும் வளைவைப் பென்சிலால் வரையச் சொல்லி வீட்டில் யாரையாவது கேளுங்கள். இரண்டு கைக்கும் ஒரே வளைவு வராது. அந்த வளைவுக்குள் விழும் பட்டன்தான் ஓடும்போது பயன்படும். ஃப்ளாஷ், ரேடியோ, ஓவர்டேக், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கூட்டிக் குறைப்பது எல்லாம் அங்கே. வைப்பர், இக்னிஷன், ஸ்டார்ட்டர் எல்லாம் நடுவே போகலாம், அவற்றை அநேகமாக வண்டி நிற்கும்போதுதான் அமுக்குவோம். பிட் லிமிட்டரைத் தனியாக, பக்கத்தில் வேறெதுவும் இல்லாத மூலையில் வையுங்கள். நேர்ரோட்டில் கை தவறி அது அமுங்கினால் பின்னால் வருபவன் உங்கள் மேல் ஏறிவிடுவான்.

அட்டையில் பாட்டில் மூடிகளைப் பசை போட்டு ஒட்டி, அப்படியே சில நாள் ஓட்டுங்கள். பட்டன் வேலை செய்யாது, பரவாயில்லை. விரல் எங்கே போகிறது என்று பாருங்கள், மூடியை நகர்த்துங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு தகட்டை இரண்டாம் தடவை வெட்டக் கொடுக்கிறார்கள்.

தகட்டுக்கு 5 மி.மீ. அக்ரிலிக் போதும். லேசர் கட்டிங் கடையில் வரைபடம் கொடுத்தால் துளையோடு வெட்டிக் கொடுப்பார்கள். பாலிகார்பனேட் இன்னும் உறுதி, அடித்தாலும் விரிசல் விடாது. ஆனால் லேசரில் அது கருகும், கம்ப்யூட்டர் வரைபடப்படி பிட்டால் வெட்டும் சிஎன்சி ரூட்டர் உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். மோட்டாரே நேராக ரிம்மைத் திருப்பும் பலமான டைரக்ட் டிரைவ் பேஸ் வைத்திருப்பவர்கள் அக்ரிலிக்கை நம்பாமல் அலுமினியத்துக்கே போய்விடுவது நல்லது. சாதாரணப் புஷ் பட்டனுக்கு 12 அல்லது 16 மி.மீ. துளை, சொடுக்குச் சொடுக்காகத் திருப்பும் குமிழான ரோட்டரி என்கோடரின் கழுத்துக்கு 7 மி.மீ. அக்ரிலிக்கை வீட்டில் துளையிட்டால் அடியில் பலகை வைத்து, மெதுவான வேகத்தில், சின்ன பிட்டிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்டன் வாங்கும்போது, அமுக்கினால் அமுங்கியபடியே நிற்கும் ரகத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நமக்கு விட்டதும் எழும்பும் ரகம்தான் வேண்டும். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். எல்லாப் பட்டனும் ஒரே தலையோடு இருக்கவும் கூடாது. ஒன்று குவிந்தது, ஒன்று குழிந்தது, ஒன்றின் மேல் ஃபெவிக்விக் ஒரு சொட்டு காயவைத்தது என்று விரலுக்கு அடையாளம் கொடுங்கள்.

இனி பேடில். ஸ்டீயரிங்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து கியர் மாற்றும் முறை 1989-இல் ஃபெராரியோடு வந்தது. முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மேன்செல் அதில் ஜெயித்தார். நடுவில் ஸ்டீயரிங் லூசாகி, பிட்டுக்குள் வந்து வேறு ஸ்டீயரிங் மாட்டிக்கொண்டு போய் ஜெயித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள், போல்ட் பற்றிப் பேசும்போது உதவும்.

நல்ல பேடிலில் இழுக்க ஆரம்பிக்கும்போது ஒரு தடை இருக்கும். அது சட்டென்று விட்டுக்கொடுக்கும், அந்தக் கணத்திலேயே கியர் மாறும். ஸ்பிரிங்கில் இது வராது, ஏனென்றால் இழுக்க இழுக்க ஸ்பிரிங் இறுகும். காந்தம் நேர் எதிர், விலகியதும் அதன் பிடி விழுந்துவிடும். அதனால் பேடிலின் உள்முனையில் 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு நியோடிமியம் காந்தத்தை அரால்டைட்டால் ஒட்டுங்கள். அதற்கு எதிரே தகட்டில் ஒரு இரும்பு போல்ட்டைத் திருகுங்கள். போல்ட்டை உள்ளே வெளியே திருகினால் இடைவெளி மாறும், இழுக்க வேண்டிய பலமும் மாறும். செம்புதாஸ் தெருவில் போல்ட் வாங்கும்போது பளபளப்பாக இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் எடுத்துவிடாதீர்கள். சாதாரண 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. சட்டைப்பையில் காந்தத்தோடு போங்கள், ஒட்டுவதை வாங்குங்கள்.

பேடில் இலைக்கு 2 மி.மீ. அலுமினியம் போதும், ஓரத்தை அரத்தால் உருட்டி உப்புத்தாள் போடுங்கள், இல்லாவிட்டால் விரலை அறுக்கும். சுழலும் அச்சில் ஆட்டம் இருக்கவே கூடாது. ஆட்டம் இருந்தால் காந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேடில் பொம்மை மாதிரிதான் தோன்றும். துளைக்குள் சின்ன பேரிங் போடலாம், அல்லது பித்தளை புஷ். மைக்ரோ ஸ்விட்சை, காந்தம் விட்ட பிறகுதான் அமுங்கும்படி வையுங்கள். முன்னாலேயே அமுங்கினால், விரலை லேசாக வைத்ததுமே கியர் மாறிவிடும். பேடில் போய் முட்டி நிற்க ரப்பர் ஒட்டிய தனி முட்டு ஒன்று வேண்டும். ஸ்விட்சையே முட்டாக வைத்தால், ஆவேசத்தில் இழுக்கும் இழுப்பையெல்லாம் அது வாங்கிச் சீக்கிரம் போய்ச்சேரும். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி சூட்டைத் தாண்டினால் சக்தி இழக்கத் தொடங்கும், ஆகவே சால்டரிங் வேலையை முடித்துவிட்டுக் காந்தத்தை ஒட்டுங்கள்.

மின்சார வேலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் இங்கே சுலபமான பகுதி அதுதான். பட்டன்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன போர்டான ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். ஊனோ வேண்டாம். ப்ரோ மைக்ரோவில் இருக்கும் ஏடிமெகா 32யு4 சிப் நேரடியாக யுஎஸ்பி பேசும், கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும். பரவலாகக் கிடைக்கும் ஊனோ ஆர்3-க்கு அது நேரடியாக முடியாது. ப்ரோ மைக்ரோவில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று எழுதியிருக்கும் இரண்டையும் சேர்த்து, ஒயர் இணைக்கும் பின் 18 உண்டு. பத்து பட்டன், இரண்டு பேடில், ஆளுக்கு இரண்டு பின் கேட்கும் இரண்டு என்கோடர், அந்த என்கோடர்களின் தலையை அமுக்கும் பட்டன் இரண்டு. கணக்குச் சரியாக 18-இல் முடிகிறது. இதற்கு மேல் வேண்டுமானால் பட்டன்களை வரிசை, பத்தி என்று கட்டி, ஒவ்வொன்றுக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டயோடு ஒன்று போட வேண்டும். அப்போதும் பேடில் இரண்டையும் தனிப் பின்னிலேயே விடுங்கள்.

ஒவ்வொரு பட்டனிலும் ஒரு காலிலிருந்து அதற்குரிய பின்னுக்கு ஒயர். இன்னொரு கால்களையெல்லாம் ஒரே கறுப்பு ஒயரில் வரிசையாகக் கோத்து கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். என்கோடரின் மூன்று காலில் நடுக்கால் கிரவுண்டு. ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம், சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்லப் என்ற ரெசிஸ்டரை நிரலில் இயக்கினால் போதும். ஆர்டுயினோ ஜாய்ஸ்டிக் லைப்ரரி என்ற ஆயத்த நிரல்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, அதன் கூடவே வரும் எடுத்துக்காட்டில் பின் எண்களை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. என்கோடரில் மட்டும் கவனம் தேவை. அது ஒரு சொடுக்குக்குத் தரும் துடிப்பு மிகக் குறுகியது. திரை நொடிக்கு 60 தடவை மாறும் விளையாட்டு, ஏறக்குறைய 17 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் பட்டனைப் பார்க்கும். அதற்குள் வந்து போன துடிப்பு அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பட்டனை 50 மில்லிசெகண்டு அமுக்கிப் பிடித்து விடும்படி எழுதுங்கள்.

போர்டு கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் சார்ஜர் கேபிள் பலவற்றில் டேட்டா ஒயரே இருக்காது. தெரிந்தது என்றால் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் திரையைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, எண் எரிகிறதா என்று பாருங்கள். ஒரு அமுக்குக்கு இரண்டு முறை மினுக்கினால் நிரலில் சில மில்லிசெகண்டு காத்திருப்பு சேருங்கள்.

கேபிள் விஷயம் இன்னும் முடியவில்லை. பழைய லேண்ட்லைன் ரிசீவருக்கு இருந்ததுபோல் சுருண்ட யுஎஸ்பி கேபிள் வாங்குங்கள். 900 டிகிரி திரும்பும் பேஸில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றே கால் சுற்று போகும், அதற்குத் தாங்குகிற நீளம் வேண்டும். ஜி29 போன்றவை மின்சாரம் வந்ததுமே இரண்டு எல்லைக்கும் தானாகச் சுற்றிப் பார்க்கும். கேபிள் எதிலாவது மாட்டியிருந்தால் அப்போதே பிடுங்கிக்கொண்டு வரும், போர்டில் இருக்கும் சின்ன யுஎஸ்பி வாயும் கூடவே வரும். கேபிளைத் தகட்டில் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, அதற்கு அப்புறம் போர்டுக்குக் கொண்டுபோங்கள்.

மாட்டும் நேரம். ஜி29 பழைய ரிம்மைக் கழற்றும்போது உள்ளே போகும் ஒயரைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், எதையும் வெட்டாதீர்கள். ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தொடர்ந்து அதிரும் பொருள் இது, போல்ட் தானாகக் கழலும், மேன்செல் கதைதான். இரும்பில் இரும்பு மறை ஏறும் இடத்தில் மறை கழலாமல் பிடிக்கும் திரவமான நீல லாக்டைட் ஒரு சொட்டு. அக்ரிலிக், பாலிகார்பனேட் தொடும் இடத்தில் லாக்டைட் கூடாது, பிளாஸ்டிக் வெடித்து விரிசல் விடும். அங்கே நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள்.

பிடிக்கு மான்தோல் மாதிரியான துணி பார்க்க அருமையாக இருக்கும். சென்னை வேர்வையில் கையுறை இல்லாமல் பிடித்தால் சீக்கிரமே பிசுபிசுத்துப் பளபளத்துவிடும். கையுறை போடாதவர்கள் டென்னிஸ் ராக்கெட்டுக்குச் சுற்றும் ஓவர்கிரிப்பைச் சுற்றுங்கள், அழுக்கானால் உரித்துப் போட்டு வேறு சுற்றலாம். தைத்துத்தான் வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் சீட் கவர் தைப்பவர்களிடம் ரிம்மைக் கொடுத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டத்தில், மோட்டார் கைக்குக் கொடுக்கும் எதிர்விசையான ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைக் கால் பங்குக்கு வைத்து, கட்டைவிரலை ரிம்மின் கம்பிகளுக்கு உள்ளே விடாமல், மெதுவாக இரண்டு சுற்று போய்விட்டு வந்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதன்பிறகு விளையாட்டின் கன்ட்ரோல் பக்கத்தில் ஒவ்வொரு வேலையாக ஒதுக்கலாம். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் பலத்தைப் பங்கிடும் பிரேக் பயஸுக்கு ஒரு என்கோடர், டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு இன்னொன்று. ஒதுக்கும்போது ஒரே ஒரு சொடுக்கு மட்டும் திருப்புங்கள். கை கொஞ்சம் கூடத் திரும்பிவிட்டால், மிஞ்சிய சொடுக்கு அடுத்த வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.