சாதாரண மண்டபத்தில் செட்டிநாட்டு வீடு: கல்யாண அலங்காரம் படிப்படியாக

‘செட்டிநாடு ஸ்டைல்’ என்று சொன்னதும் பல டெக்கரேட்டர்கள் செய்வது ஒன்றுதான். மாளிகைப் படம் அச்சடித்த ஃபிளெக்ஸை மேடைக்குப் பின்னால் கட்டுவார்கள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைப்பார்கள், முடிந்தது. கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய வீடு ஒன்றுக்குள் போய் வந்தவர்களுக்கு அது ஒட்டாது. அந்த வீடுகளின் பகட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாசலில் நின்றால் முகப்பு, வளவு (நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று பின்வாசல் வரைக்கும் பார்வை ஒரே நேராகப் போகும். அந்த நேர்கோட்டை மண்டபத்தில் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை ஆயிற்று.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. இவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டித்தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். கஜலட்சுமி செதுக்கிய நிலைக்குப் பக்கத்திலேயே ஐரோப்பியக் கண்ணாடி தொங்கும். அதனால் நீங்களும் தாராளமாகக் கலக்கலாம். கலக்கக்கூடாதது பிளாஸ்டிக் பூவும் கலர் மாறும் எல்.இ.டி.யும் மட்டும்தான்.

1. கோடு போடுங்கள்

அட்வான்ஸ் கொடுத்த கையோடு டேப் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். நுழைவாயிலில் நின்று மணமேடையை நோக்கி ஒரு போட்டோ எடுங்கள். நடுவில் 6 அடி நடைபாதை விட்டு, நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் பிரிக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். வாசலும் மேடையும் நேருக்கு நேர் இல்லாத மண்டபங்கள் நிறைய உண்டு. அங்கே கோட்டை வாசலிலிருந்து தொடங்காமல், நடைபாதை தொடங்கும் இடத்திலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும்.

2. நிலைவாசல்

பட்ஜெட்டில் பெரிய பங்கை இதற்கு ஒதுக்குங்கள். மேடைப் பின்னணிக்குச் செலவழிப்பதை விட இது பல மடங்கு மேல், ஏனென்றால் வருகிற ஒவ்வொருவரும் இதற்குள் நுழைந்துதான் போவார்கள். இதை மேடையில் வைக்காதீர்கள், நடைபாதையின் தொடக்கத்தில் நிறுத்துங்கள்.

உண்மையான பழைய நிலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுக்கு அளவு பழகும். நிலையின் மேல்சட்டத்தில் நடுவே கஜலட்சுமி, இரு புறமும் யானைகள், அதைச் சுற்றிக் கொடியும் பூவுமாகச் செதுக்கல். கீழே வர வர வேலைப்பாடு குறையும். கை படும் உயரத்தில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி மரம் கருத்துப்போயிருக்கும். இந்தக் கருப்புதான் பழமையைக் காட்டுகிறது. பிளைவுட்டிலோ ஃபைபரிலோ செய்பவரிடம், ‘பளபளப்பு வேண்டாம், மேட் பெயின்ட் அடித்து ஓரங்களில் கருப்பைத் தேய்த்து விடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். போட்டோவில் வித்தியாசம் தெரியும்.

அந்த வீடுகளில் வாசற்படி உயரமாக இருக்கும். கல்யாணத்தில் அது வேண்டாம். பட்டுப்புடவையோடு வருபவர்களும் வயதானவர்களும் தடுக்கி விழுவார்கள். கீழ்ச்சட்டத்தை விட்டுவிட்டு, நிலையைப் பின்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். பையன்கள் தொங்குவார்கள், கட்டாயம் தொங்குவார்கள். மேலே மாவிலைத் தோரணம் போதும்.

3. தூண்கள்

பக்கத்துக்கு நான்கு, ஒரே இடைவெளியில். 8 அங்குல பி.வி.சி. பைப்பில் தேக்குநிற ஸ்டிக்கர் சுற்றினால் போதும். ஒட்டுப்போட்ட கோடு சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அடியில் கனமான பீடம் இல்லாமல் நிறுத்தாதீர்கள். தூணைப் பூவால் சுற்றி மூடினால் அது தூணாகத் தெரியாது, உச்சியில் மட்டும் ஒரு வளையம் கட்டுங்கள்.

4. தரை

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து, சாயம் கலந்த சிமென்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஒருநாள் கல்யாணத்துக்கு அசல் கல் பதிக்க முடியாது, வினைல் பிரின்ட் எடுக்கலாம். ஆனால் அளவில் ஏமாறாதீர்கள். ஒரு கல் பெரும்பாலும் 8 முதல் 12 அங்குலச் சதுரம்தான். பிரின்ட் போடுபவர் டிசைனை 2 அடிக்கு இழுத்துவிட்டால் சினிமா செட் ஆகிவிடும். ஓரத்துக்கு வேறு டிசைனில் பார்டர் கேளுங்கள், மேட் ஃபினிஷ் கேளுங்கள், விளிம்புகளை டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

மேடைக்கு முன்னால் நடுவீட்டுக் கோலம் போட ஆசையாக இருந்தால், காவி அடித்த பலகையில் அரிசிமாவால் போட்டுக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். மண்டபத்து கிரானைட்டில் ஈரமாவு வழுக்கும்.

5. கண்ணாடியும் படங்களும்

மரச்சட்டம் போட்ட பெரிய கண்ணாடி இரண்டு, ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி அச்சுப்படங்கள் சில. பழைய வீடுகளில் மாட்டியிருப்பதுபோல உயரத்தில், மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்த மாதிரி மாட்டுங்கள்.

6. பூவும் வெளிச்சமும்

பூ குறைவாகவே போதும். மல்லிகைச் சரம், மரிக்கொழுந்து, உருளியில் தாமரை. காலை முகூர்த்தமென்றால் முந்தின இரவு கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்து, விடிகாலையில் தொங்கவிடுங்கள். இரவெல்லாம் விளக்குச் சூட்டில் கிடந்தால் பழுத்துப்போகும். வளர்பிறை முகூர்த்தத்தில் பூ விலை ஏறும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

விளக்குக்கு ‘வார்ம் ஒயிட், 2700 கெல்வின்’ என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்து வெள்ளை டியூப்லைட்டுகளில் நடைபாதைக்கு மேலே இருப்பவற்றையாவது அணைக்கச் சொல்லுங்கள். தேக்கு நிறம் வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். ஹோமகுண்டத்துக்கு மேலேயும் பக்கத்திலேயும் துணி எதுவும் தொங்கக்கூடாது. அதை மட்டும் டெக்கரேட்டர் என்ன சமாதானம் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

7. சாமான் பரப்புதல்

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சீர்ச் சாமான்களை வரிசையாகப் பரப்பி வைப்பது வழக்கம். அந்த வரிசையின் அழகை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வரவேற்பு மேசைக்குப் பின்னால் பித்தளை அண்டா, குடம், தூக்குவாளி என்று பெரியதிலிருந்து சின்னதாக, ஓலைக் கொட்டான்களில் வெற்றிலை பாக்கு. பாட்டி வீட்டுப் பரணில் தேடினாலே பாதி கிடைக்கும். இரண்டு நாள் முன்னால் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இரவல் வாங்கிவந்த ஒவ்வொன்றின் அடியிலும் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, பரப்பியதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சாப்பாடு முடிந்ததும் சமையல்காரர் பாத்திரங்களோடு இவையும் வேன் ஏறிவிடும், அதற்கு முன்னால் எண்ணி எடுத்துவிடுங்கள்.